யார் அடிச்சது?

எனக்கு இருக்கும் நோயின் பெயரைப் பிசகாமல் சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதற்குள் என் வீட்டுக்காரரை இரண்டு பேர் அடித்துவிட்டார்கள். ஒருவர் போலீஸ்காரர். இன்னொருவன் என் அண்ணன்.

யாருக்கும் ஆறுதல் சொல்ல இதை எழுதவில்லை. எனக்கே இன்னும் ஆறவில்லை. காரணம் தெரியாமல் உடம்பெல்லாம் நீலம் கட்டும் பெண் எங்காவது இருப்பாள். அவள் வீட்டில் யாராவது இதைப் படித்தால் போதும்.

என் பெயர் சுமதி. வயது முப்பத்து மூன்று. திருவிடந்தைக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பத்தில் பிறந்தேன். ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் படுக்கை விரிப்பு, துண்டு எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு. வீட்டுக்காரர் தாமோதரன் படூர்க்காரர், கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எங்களுக்குக் குழந்தை இல்லை.

சின்ன வயதிலிருந்தே என் தோல் மெல்லியது. மார்பிலும் வயிற்றிலும் நரம்பு பச்சையாகத் தெரியும். கட்டில் காலில் லேசாக இடித்துக்கொண்டாலும் ஒரு வாரத்துக்கு நீலம். ஒரு பல் பிடுங்கியதற்கு அரை நாள் ரத்தம் நிற்கவில்லை. உடம்புவாகு என்று விட்டுவிட்டோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். ஈரத் துண்டு மூட்டையைத் தூக்கக் குனிந்தேன். இடது விலாவுக்குக் கீழே, உள்ளே எதுவோ பிய்ந்தது. வலி என்று சொல்வதற்கு முன்பே பிய்ந்தது என்றுதான் தோன்றியது. கேளம்பாக்கம் கிளினிக்கில் கேஸ் டிரபிள் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். ஊசி போட்ட இடம் சாயங்காலத்துக்குள் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்தது. மறுநாள் காலை வலி முதுகுக்குப் போனது. வாந்தி. குளியலறையில் விழுந்துவிட்டேன். வீட்டுக்காரர் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கி, அவருடைய ஆட்டோவிலேயே போட்டுக்கொண்டு, திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுக்கு ஓட்டினார். அங்கே ஒரு பெரிய மருத்துவமனை. பெயர் சொல்லப் போவதில்லை.

அவசரப் பிரிவில் இளவயது டாக்டர் ஒருத்தி திரையை இழுத்து மூடினாள். என் மேல்கைகளைப் பார்த்தாள். இரண்டிலும் நான்கு நான்கு விரல் தடம், பதித்து எடுத்த மாதிரி.

"யாரும்மா அடிச்சது?"

"யாரும் அடிக்கல டாக்டர். வயிறு வலிக்குது."

"பயப்படாம சொல்லு. அவர் வெளியதான் இருக்காரு. உள்ள வரமாட்டாரு."

"அவுரு தூக்கிக்கினு வந்தாரு. அதான் கை பட்ட எடம்."

"இது? தொடையில? இடுப்புல?"

"இடிச்சிக்கினது."

அவள் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினாள். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் நம்பாமல் இருந்ததில்லை.

காயத்தில் சந்தேகம் இருந்தால் மருத்துவமனை போலீசுக்கு எழுதி அனுப்ப வேண்டும். அது சட்டம், அதை நான் திட்டவில்லை. இடிச்சிக்கினேன் என்று பொய் சொன்ன பெண்களை அவள் நிறையப் பார்த்திருப்பாள். ஆனால் நான் பொய் சொல்லவில்லை. அதை நிரூபிக்க என்னிடம் என் உடம்பைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த உடம்போ அவர் அடித்தார் என்றே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரரை வளாகத்திலேயே இருந்த போலீஸ் அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே என்ன நடந்தது என்று அவர் முழுதாகச் சொன்னதில்லை. கன்னம் வீங்கியிருந்தது மட்டும் எனக்குத் தெரியும்.

வயிற்றை ஸ்கேன் பார்த்ததில் இடது பக்கம் ரத்தம் கோத்திருந்தது. எட்டி உதைத்ததில் மண்ணீரல் கிழிந்திருக்கும், வயிற்றைத் திறந்து பார்க்கலாம் என்றார் ஆண் சர்ஜன் ஒருவர். அதற்கு முன் நரம்பில் மருந்து ஏற்றி ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கும் சிடி ஸ்கேன். அந்த அறைக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போதுதான் என் அண்ணன் கன்னியப்பன் வந்து சேர்ந்தான். என்னை விட ஏழு வயது மூத்தவன். சொந்தப் படகு வைத்திருக்கிறான். நான் கடலுக்குப் போகாத உள்நாட்டுக்காரனைக் கட்டிக்கொண்டது அவனுக்கு என்றைக்குமே பிடிக்கவில்லை.

போலீஸ் அறையிலிருந்து அப்போதுதான் வெளியே விடப்பட்ட என் வீட்டுக்காரர் தள்ளுவண்டியை நோக்கி ஓடி வந்தார். அண்ணன் அவர் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினான்.

"எங்கம்மாவ ஒருத்தன் ஒதைச்சே கொன்னான். எந்தங்கச்சிய நீ கொல்லப் பாக்கிறியாடா?"

"மச்சான், நான் கை வெக்கல மச்சான். அவளையே கேளு."

"இன்னாத்த கேக்குறது? கைல வெரலு வெரலா கீது!"

இரண்டு அறை. ஒரு குத்து. வாயில் ரத்தம். வீட்டுக்காரர் கையை ஓங்கவே இல்லை. நான் கத்த வாயைத் திறந்தேன், மூச்சு வயிற்றில் முட்டி வலித்து, சத்தம் வரவில்லை. வண்டி தள்ளுகிறவர் நிற்காமல் தள்ளிக்கொண்டே போனார். காவலாளி வந்து என் வீட்டுக்காரரைத்தான் வெளியே பிடித்துத் தள்ளினார். அண்ணனை இல்லை.

ஸ்கேன் படத்தைப் பார்க்க ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். ஐம்பது வயதுப் பெண். குட்டை முடி, கடுகடுத்த முகம். வணக்கம் சொன்னால் கூடத் திரும்பச் சொல்லாதவர். என் இமையை விரித்துப் பார்த்தார். விரலைப் பின்னால் வளைத்துப் பார்த்தார். மார்புத் தோலை டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு ஆண் சர்ஜனிடம் சொன்னார்: "உதைச்சா மண்ணீரல்தான் கிழியணும். இங்க மண்ணீரல் முழுசா இருக்கு. அதுக்குப் போற தமனி வீங்கிக் கிழிஞ்சிருக்கு. சிறுநீரகத் தமனி உள்சுவர் பிரிஞ்சு நிக்குது. வெளியிலேருந்து உதைச்சு இப்படிப் பண்ண முடியாது."

தமனி என்பது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய். அழுத்தமெல்லாம் அதில்தான். எனக்குள்ளே அப்படி இரண்டு குழாய்கள் தாமாகவே கிழிந்திருந்தன.

அவர் அண்ணனை ஐசியூவுக்குள் என் படுக்கையருகே கூப்பிட்டு நிறுத்தினார்.

"அம்மா இருக்காங்களா?"

"இல்ல. எங்கப்பன் வயித்துல எட்டி ஒதைச்சான். வயிறு உப்பிக்கிச்சி. வண்டில ஏத்தினு வர்றதுக்குள்ள போய்ட்டா."

"நீ பாத்தியா?"

"ஊரே சொல்லிச்சி."

"ஊர் இருக்கட்டும். உதைச்சதை நீ பாத்தியா?"

அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"வயசு என்ன அவங்களுக்கு?"

"முப்பத்தெட்டு."

"உடம்புல நீலம் கட்டுமா?"

"கட்டும். எப்பவும் இருக்கும். அந்தாளு அடிப்பான்."

"அவர் வீட்ல இல்லாத நாள்லயும் கட்டுமா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் விடை தெரியும். மீன் கூடையின் விளிம்பு அழுந்திய இடத்தில் அம்மாவின் முன்கை எப்போதும் நீலமாகத்தான் இருக்கும். அப்பா, அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம், காசிமேட்டுப் பெரிய படகில் ஏறி வாரக்கணக்கில் கடலில் இருப்பார். அப்போதும் நீலம் இருக்கும். இத்தனை வருடம் அதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே இல்லை.

"கட்டும்," என்று நான்தான் சொன்னேன்.

மருத்துவர் நோயை விளக்கினார். உடம்பின் சதை, தோல், குழாய் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது கொலாஜன் என்கிற புரத நார். அதைச் செய்யச் சொல்லும் மரபணுவில் ஒரு பிழை. நார் சரியாக நூற்கப்படுவதில்லை. மூட்டு தளரும், தோல் மெலியும். என் வகையில் ரத்தக்குழாயும் குடலும் கர்ப்பப்பையும் மெலியும். வாஸ்குலர் எலர்ஸ் டான்லோஸ் என்று பெயர். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

"உனக்குக் குழந்தை இல்லாததுதான் உன்னைக் காப்பாத்துச்சு. பிரசவத்துல கிழிஞ்சிருக்கலாம்," என்றார்.

அந்த வாக்கியத்துக்காக அவரை நான் வெகுநாள் வெறுத்தேன். குழந்தைக்காக நான் சுற்றாத கோயில் இல்லை, கேட்காத ஏச்சு இல்லை. நல்ல செய்தி மாதிரி சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

ஆண் சர்ஜன் திறந்தே ஆக வேண்டும் என்று நின்றார். என் தலைமாட்டிலேயே இருவருக்கும் வாக்குவாதம். "திறந்தா தையல் நிக்காது. நனைஞ்ச அப்பளத்துல ஊசி குத்துற மாதிரி, குத்துற இடமெல்லாம் பிய்யும்," என்றார் பெண் மருத்துவர். கடைசியில் அவர் சொன்னதுதான் நடந்தது. ரத்த அழுத்தத்தை மருந்தால் இறக்கிவைத்து, அசையாமல் படுக்கவைத்து, கசிவு தானாக உறைகிறதா என்று பார்ப்பது. இருமக் கூடாது. முக்கக் கூடாது. எழக் கூடாது.

சும்மா படுத்திருப்பதும் ஒரு சிகிச்சை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கால்மாட்டில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார்கள், இறுக்கிப் பிடிக்காதே, தேவையில்லாமல் ஊசி போடாதே என்று. யார் படித்தார்கள்? அழுத்தம் பார்க்கும் பட்டை கால் மணிக்கு ஒரு தடவை தானாக இறுக்கியது, முழங்கை வரை கறுத்தது. விரிப்பு மாற்ற வந்த பெண் என் தோளைப் பிடித்துப் புரட்டினாள்.

"பிடிச்சா நீலம் கட்டும்னு எழுதிக் கீதே, பாக்கலையா?"

"பேஷண்டுன்னா புடிக்காம எப்டிம்மா மாத்துறது? ஒனக்கு மட்டும் ராணி வைத்தியமா?"

வீட்டுக்காரரை உள்ளே விடவில்லை. போலீஸ் எழுதியது அப்படியே இருந்தது. பார்வையாளர் நேரத்தில் வந்தது அண்ணன்தான். சங்கரா மீன் குழம்பு கொண்டுவந்தான், காரம் இல்லாமல் எனக்காக அண்ணியை வைக்கச் சொன்னானாம். நான் தொடவில்லை.

"அவர இட்டுக்கினு வா. அப்பால துன்றேன்."

"போலீசு வேணாம்னுது."

"அவரு அடிச்சாருன்னு நான் சொல்லலன்னு போலீசுகிட்ட போய் சொல்லு. நீ பாக்கலன்னும் சொல்லு."

அவன் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போனான். போய்ச் சொன்னானா என்று கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றுவான்.

மூன்றாம் நாள் முற்பகல், மூத்திரக் குழாயைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது காது அடைத்தது. எதிரே நின்ற நர்சின் முகம் தூரமாகப் போனது. மறுபடி கிழிந்திருந்தது. இனிக் காத்திருக்க முடியாது என்று மருத்துவர் வந்து நின்றார். தொடை மடிப்பில் தமனிக்குள் மெல்லிய குழாயை விட்டு, கிழிந்த இடம்வரை கொண்டுபோய், தலைமுடி கனத்துக் கம்பிச் சுருள்களை அங்கே இறக்கி அடைப்பது. எல்லோருக்கும் செய்கிற சிகிச்சைதான். எனக்கு மட்டும், போகிற வழியில் குழாயே சுவரைக் கிழிக்கலாம்.

"கையெழுத்துப் போடு."

"அவரு வரட்டும்."

"உன் உடம்பு, நீயே போடலாம். அவர் வர்ற வரைக்கும் உனக்கு நேரம் இல்லை."

"அப்போ அவர எதுக்கு வெளிய நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

அவருக்கு அது தெரியாது போலிருக்கிறது. யாரிடமோ ஆங்கிலத்தில் சத்தம் போட்டார். நான் கையெழுத்துப் போட்டேன், பாதிப் பெயர்தான் வந்தது. கதவருகே வண்டி போகும்போது வீட்டுக்காரர் ஓடி வந்தார். உதடு கிழிந்து காய்ந்திருந்தது.

"மூஞ்சி இன்னாய்யா இப்டி கீது?"

"கொசு கடிச்சிச்சி," என்றார். என் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல், விரல் நுனியை மட்டும் என் விரல் நுனியில் வைத்துக்கொண்டே கூட நடந்தார்.

மயக்கம் கொடுக்கவில்லை, இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். உள்ளே சூடாக ஒன்று பரவும், மூச்சைப் பிடி என்பார்கள், பிடிப்பேன். ஏழு சுருள்கள் வைத்ததாகப் பிறகு சொன்னார்கள். முடிந்ததும் தொடையில் துளையை மூட வேண்டும். அதற்கென்று இருக்கும் கருவியை என் சுவர் தாங்காது என்று மருத்துவர் தன் கையாலேயே அழுத்திப் பிடித்தார். வேறு யாரையும் விடவில்லை. முக்கால் மணி நேரம். வியர்வை அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. "பேசாத. சிரிக்காத. அழாத," என்றார். நான் இரண்டாவதையும் மூன்றாவதையும் செய்யும் நிலையில் இல்லை.

தொடை முழங்கால்வரை கருநீலமானது. ஆனால் கசிவு நின்றது.

மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்துக்குப் பிறகு போலீஸ் வழக்கை மூடினார்கள். வீட்டுக்காரரை உள்ளே விட்டார்கள். அவர் செய்த முதல் காரியம் தன் நகங்களை ஒட்ட வெட்டிக்கொண்டது. இரண்டாவது, பழைய லுங்கியைக் கிழித்துக் கட்டில் கம்பிகள் முழுக்கச் சுற்றியது. விரிப்பு மாற்றும் பெண்ணுக்குத் தோளைத் தொடாமல் துணியோடு சேர்த்து என்னைப் புரட்டக் கற்றுக்கொடுத்தார். அவள் முனகிக்கொண்டே கற்றுக்கொண்டாள்.

வார்டுக்கு மாற்றிய பின் ஒரு நாள் மத்தியானம் அந்த இளவயது டாக்டர் வந்து நின்றாள்.

"நான் கேட்டது தப்பில்லம்மா. கேட்டுதான் ஆகணும்," என்றாள்.

"கேட்டது தப்பில்ல. நான் சொன்னத காதுல வாங்காதது தப்பு."

அவள் முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. என் கேஸ் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தைரியமாகப் பேசிவிட்டதாக அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அந்த வாக்கியம் என் மேலேயே திரும்பியது.

அம்மா செத்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எரித்த மூன்றாம் நாள் ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. நைனா நடுவில் நின்றார். நான் கை வைக்கவில்லை, வயிறு வலிக்குது என்று அவளாகத்தான் விழுந்தாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருவரும் காதில் வாங்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, உங்க நைனா அம்மாவ அடிப்பாரா என்று கேட்டார்கள். ஒருநாள் சண்டையில் அவர் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்ததை நான் பார்த்திருந்தேன். மறுநாள் அங்கே நான்கு விரல் இருந்தது. நான் "ஆமா" என்றேன். அவ்வளவுதான். ஊரை விட்டு ஒதுக்கினார்கள். அண்ணன் துடுப்பை எடுத்து அவரை மணலில் விரட்டி விரட்டி அடித்தான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. இருபத்தொரு வருடமாக நாங்கள் அவரைப் பார்க்கவில்லை.

மரபணுப் பரிசோதனை முடிவு வர வாரங்கள் ஆயின. மருத்துவர் சொன்னது உறுதியானது. தினமும் ரத்த அழுத்தத்தை அடக்கும் மாத்திரை, கனம் தூக்கக் கூடாது, வருடாவருடம் படம். அண்ணனும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். "தெரிஞ்சிக்கினு இன்னா பண்ண?" என்று அவன் படகில் ஏறிவிட்டான். இன்றுவரை கொடுக்கவில்லை. அவனோடு நான் சண்டை போடாத வாரம் இல்லை.

நைனா திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் காவல் வேலை செய்கிறார் என்று வீட்டுக்காரர்தான் ஆட்டோக்காரர்கள் மூலம் விசாரித்துச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். அண்ணன் தன் பைக்கில் பின்னால் வந்தான், கூப்பிடாமலே. கேட் வரைதான். அதற்குமேல் அவனுக்குக் கால் வரவில்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"யாரு?"

"சுமதி, நைனா."

"எந்த சுமதி?"

பரிசோதனை முடிவோடு மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "எனுக்கு படிக்கத் தெரியாதுன்னு தெரியாதா? படி," என்றார். ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தேன். அம்மாவுக்கும் இதே நோய் இருந்திருக்க வேண்டும், அடியே படாமல் வயிற்றுக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கலாம் என்ற இடம் வந்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இத்ததான் நான் அன்னிக்கி சொன்னேன்."

"ஆமா நைனா."

"பேப்பர்ல வந்தாதான் நம்புவீங்க."

கேட்டுக்கு வெளியே நின்ற அண்ணனைப் பார்த்தார். "அவன உள்ள வரவேணாம்னு சொல்லு. அவன் ஒடச்ச எலும்பு இன்னும் மழைக்கி வலிக்குது." பிறகு என்னிடம், "நீ சின்னப் பொண்ணு, தெரியாம சொன்னே, போவட்டும்னு நான் சொல்லுவேன்னு வந்தியா?"

"இல்ல."

"சொல்ல மாட்டேன்."

"வேணாம்."

போகலாம் என்று வீட்டுக்காரர் கண்ணைக் காட்டினார். நான் திரும்பினேன்.

"தே, நில்லு," என்றார் நைனா. "ஒனுக்கும் அதே எடந்தான கிழிஞ்சிச்சி?"

"கிட்டத்தட்ட."

"எப்டி வலிச்சிச்சி?"

"இன்னாத்துக்கு நைனா?"

"அவ என் மடிலதான் கெடந்தா. வாயத் தொறந்து தொறந்து மூடுனா. ஒரு வார்த்த வர்ல. அவளுக்கு எப்டி இருந்திருக்கும்னு இத்தினி வருஷமா யோசிச்சிக்கினு கீறேன். கேக்க ஆளு இல்ல. நீதான் போய்ட்டு வந்திருக்கியே, சொல்லு."

வீட்டுக்காரர் எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். நான் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. முதலில் உள்ளே பிய்வது தெரியும். பிறகு வலி முதுகுக்குப் போகும், அந்த நேரம் ரொம்பக் கொடுமை, மூச்சு விடுவதற்கே பயமாக இருக்கும், அதனால்தான் வார்த்தை வராது. அதன்பின் குளிரும். காது அடைக்கும். எதிரே இருக்கிறவர் முகம் தெரியும், ஆனால் தூரத்தில். அப்போது வலி இருக்காது. நிஜமாகவே இருக்காது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது மட்டும் கடைசிவரை தெரியும்.

"தெரியுமா?"

"தெரியும் நைனா."

அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மண்டபத்து வாசலில் சமையல் பாத்திரங்கள் ஏற்றிய வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. இரண்டாவது முறையும் அடித்தது. அவர் எழவில்லை. என் வீட்டுக்காரர் போய் கேட்டைத் திறந்துவிட்டார்.